மாத்திரை வாங்கத் தெரிந்தவருக்கு ஆணுறை வாங்கத் தெரியாதா?

கேள்வி: எனக்கு வயது 32. இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு மூன்று வயது. இனிக் குழந்தை வேண்டாம் என்பதில் என் கணவர் உறுதியாக இருக்கிறார், எனக்கும் அதே எண்ணம்தான். தினமும் போடும் கருத்தடை மாத்திரையை இரண்டு மாதம் எடுத்தேன். குமட்டல், எரிச்சல், இடையிடையே ரத்தக்கசிவு என்று இருந்ததால் விட்டுவிட்டேன். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டால் உதிரப்போக்கு அதிகமாகும், ஊசி போட்டால் உடம்பு பெருக்கும் என்கிறார்கள். ஆணுறை அவருக்குப் பிடிக்காது. கடந்த நான்கு மாதத்தில் ஐந்து முறை அவசர மாத்திரை போட்டிருக்கிறேன், அவரே வாங்கி வந்துவிடுவார். எப்போதும் ஐந்து நாளில் முடியும் மாதவிடாய் போன தடவை பதினோரு நாள் நீடித்தது. பக்கவிளைவே இல்லாத முறை ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: பக்கவிளைவே இல்லாத முறை கேட்டு எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. ‘அவரே வாங்கி வந்துவிடுவார்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் அவருடைய நல்ல குணத்தைச் சொல்வது போல.

மருந்துக்கடைக்குப் போக அவருக்குக் கூச்சமில்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்கவும் கூச்சமில்லை. அதே கடையில்தான் ஆணுறையும் விற்கிறார்கள். அதை வாங்கினால் அவர் அணிய வேண்டும், இதை வாங்கினால் நீங்கள் விழுங்க வேண்டும். ஐந்து தடவையும் அவர் எதை வாங்கினார் என்று பாருங்கள் அம்மா.

அந்த மாத்திரையில் என்ன இருக்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? பெரும்பாலும் அது லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன், ஒரு மாத்திரையில் 1.5 மில்லிகிராம். தினசரி மாத்திரைகள் பலவற்றில் இதே மருந்து 0.15 மில்லிகிராம்தான் இருக்கும். ஹார்மோன் ஒத்துவரவில்லை என்று தினசரி மாத்திரையை நிறுத்திய நீங்கள், அதைப் போல பத்து மடங்கை ஒரே வேளையில், அதுவும் ஐந்து தடவை விழுங்கியிருக்கிறீர்கள். மாதவிடாய் குழம்பாமல் என்ன செய்யும்? இது உயிரைக் குடிக்கும் மருந்து இல்லை, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை, முட்டை ஏற்கெனவே வெளியே வந்துவிட்டிருந்தால் அதனால் பெரிய பயன் இல்லை. முட்டை வருவது தள்ளித்தான் போகிறது என்பதால் மாத்திரை போட்ட பிறகு அதே மாதத்தில் மறுபடி சேர்ந்தால் பாதுகாப்பும் இல்லை. ஆணுறை கிழிந்த ஒரு நாளைக்கு என்று வைத்திருக்கும் மருந்தை நீங்கள் இருவரும் வீட்டு வழக்கமாக்கி வைத்திருக்கிறீர்கள்.

சரி, முறைகளுக்கு வருவோம். உடம்புக்குள் எதுவுமே போகாத முறை ஆணுறை. ரப்பர் ஒவ்வாமை இருப்பவர்களைத் தவிர யாருக்கும் தொந்தரவு இல்லை, அவர்களுக்கும் வேறு பொருளில் செய்தது கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் சரியாகப் போட்டால் வருடத்துக்கு நூறு பெண்களில் இரண்டு பேர் கருவுறலாம். நடைமுறையில் ஒரு நாள் போட்டு ஒரு நாள் விடுவதால் அது பதிமூன்று வரை போகிறது.

காப்பர் டி பற்றி உங்களுக்குச் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். முதல் மூன்று முதல் ஆறு மாதம் போக்கும் வலியும் கொஞ்சம் கூடும், உண்மை, பிறகு பலருக்கும் தணிந்துவிடும். அதில் ஹார்மோனே கிடையாது, நூறில் ஒருவருக்கும் குறைவாகத்தான் தவறும், சில வகைகள் பத்து வருடம் வரை இருக்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். வழக்கமாக ஐந்து நாளில் முடியும் உங்களுக்கு இது ஒத்துப்போக நல்ல வாய்ப்பு உண்டு. ரத்தசோகையோ அதிக உதிரப்போக்கோ இருந்தால் மட்டும் ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனத்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், அது போக்கைக் குறைக்கும். ஊசியில் மாதவிடாய் தாறுமாறாவதும் சிலருக்கு எடை கூடுவதும் உண்டு. மூன்று மாத ஊசியைப் போட்ட பின் பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுக்கவும் முடியாது, ஆகவே உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். தினசரி மாத்திரையின் குமட்டலும் ரத்தக்கசிவும் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடும், நீங்கள் இரண்டில் விட்டுவிட்டீர்கள். திரும்பப் போக நினைத்தால், ரத்த அழுத்தம், கண்ணில் மின்னல் வெட்டியபடி வரும் ஒற்றைத் தலைவலி, புகைப்பழக்கம் இதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லாமல் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

இதுவரை சொன்னதில் ஆணுறையைத் தவிர மற்ற எல்லாமே உங்கள் உடம்பில்தான் நடக்கிறது, கவனித்தீர்களா? இனிக் குழந்தை வேண்டாம் என்பதில் உறுதியாக இருப்பவர் அவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படி உறுதியாக இருக்கும் ஆணுக்கென்று ஒரு சிகிச்சை இருக்கிறது. 1974-ல் சீனாவில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய தழும்பில்லாத ஆண் கருத்தடை. மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையில் சின்னதாகத் துளையிட்டு, விந்தணு வரும் குழாயை அடைத்து, அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆண்மை குறையாது, ஹார்மோன் மாறாது, சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும். பெண்ணுக்குச் செய்யும் அறுவை வயிற்றுக்குள் போவது, அதைவிட இது எவ்வளவோ சின்னது. நிரந்தர முடிவு என்பதால் இருவரும் யோசித்துத்தான் செய்ய வேண்டும், செய்த பிறகும் மூன்று மாதம் கழித்து விந்தணுப் பரிசோதனையில் அணு இல்லை என்று தெரியும்வரை ஆணுறை தேவை. இரண்டு பிரசவத்தை மனைவி பார்த்துவிட்டாள், இதையாவது நான் பார்க்கிறேன் என்று தானாக முன்வருவது கணவனின் கடமை என்றே நான் நினைக்கிறேன். பெருந்தன்மை என்றெல்லாம் அதற்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை.

இப்போது உங்களுக்கும் இரண்டு வார்த்தை. பதினோரு நாள் போனது அவருக்குத் தெரியுமா? சொல்லியிருந்தால் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரியாவது எழுதியிருப்பீர்கள். அவருக்குத் தொந்தரவு வராமல் இருக்க, உங்களுக்கும் தொந்தரவு தராத முறை ஒன்றை என்னிடம் கேட்கிறீர்கள், அவரிடம் பேசுவதைத் தவிர்க்கத்தான் இந்தக் கடிதமே என்று எனக்குப் படுகிறது. பேசாமல் பொறுத்துப்போவதைக் குடும்பத்துக்குச் செய்யும் தொண்டு என்று நினைக்காதீர்கள். சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்காரவைத்து, எத்தனை மாத்திரை, எத்தனை நாள் போக்கு என்று கணக்காகச் சொல்லுங்கள். ஆணுறை இல்லாமல் இனி இல்லை என்றும் சொல்லுங்கள், அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிடிக்காது என்றால் என்ன பிடிக்கவில்லை என்று கேளுங்கள். அளவு சரியில்லை, இறுக்கமாக இருக்கிறது என்பதென்றால் வேறு அளவும் மெல்லிய வகையும் உண்டு. ‘நான் எதற்குப் போட வேண்டும்’ என்பதுதான் விஷயம் என்றால், அதை அவர் வாயாலேயே சொல்லட்டும்.

காப்பர் டி போடுவதற்கு முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார்கள். பாதுகாப்பில்லாமல் கடைசியாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆன பிறகு செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையை நம்பலாம். அவசர மாத்திரைக்குப் பிறகு ரத்தம் போனதை மட்டும் வைத்து ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மறுபடி ஒரு வாரத்துக்கு மேல் போக்கு நீடித்தாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், உங்கள் கணவரும் கூட வரட்டும்.