கணினி நடத்தும் அரசுகள் நம்பத்தக்கவையா? கேள்வி பதில்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு சோழர் கல்வெட்டுகளைப் படிப்பதும், இரவில் யுரோப்பா யுனிவர்சாலிஸ் 4, குருசேடர் கிங்ஸ் 3 ஆகிய வியூக விளையாட்டுகளை ஆடுவதும் என் நெடுநாள் வழக்கம். அவற்றில் கணினி நடத்தும் நாடுகளைப் பற்றி டெல்டா நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். முதலிலேயே ஓர் எச்சரிக்கை: வரைபடத்தில் பூசிய நிறத்தை ஆட்சி என்று எண்ணிவிடாதீர்கள்.

மன்னார்குடி நண்பர்: யுரோப்பாவில் 1444-இல் தொடங்கினால், கணினியின் விஜயநகரம் தென்னாடு முழுவதையும் பிடித்து 1821 வரை அசையாமல் நிற்கிறது. இப்படி நடந்திருக்குமா?

பிடிப்பது நடக்கக்கூடியதே, அப்போது அரியணையில் இருந்தவர் இரண்டாம் தேவராயர், படையும் பணமும் இருந்தன. அசையாமல் நிற்பதுதான் பொருந்தவில்லை. ஒரு மாகாணத்தைத் தனதாக்கிக்கொண்ட பிறகு, அங்கே அனுப்பப்பட்ட அதிகாரியின் குடும்பம் மெல்ல மெல்ல அரச குடும்பமாக மாறுவதற்கு விளையாட்டில் இடமில்லை. தஞ்சையில் நடந்தது அதுதான். 16-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விஜயநகரத்தின் சார்பில் தஞ்சைக்கு வந்த செவ்வப்ப நாயக்கரின் வழியினர் 1673 வரை ஆண்டார்கள்.

இதில் கணினியால் கணக்கிட முடியாத ஒன்று உண்டு. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு நொறுங்கிய பின்னும் தஞ்சை நாயக்கர்கள் அதை உதறவில்லை. அதற்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து, விஜயநகர வாரிசுரிமைச் சண்டை நம் காவிரிக்கரைக்கே, கல்லணைக்கு அருகிலுள்ள தோப்பூருக்கு வந்தபோது, மதுரையும் செஞ்சியும் எதிரணியில் நிற்க, ரகுநாத நாயக்கர் இளவரசன் இராமதேவனுக்காகப் படையெடுத்துச் சென்று வென்றார். விளையாட்டிலோ, சிற்றரசின் விடுதலை விருப்பம் 50 விழுக்காட்டைத் தொட்டதும் அது விசுவாசமற்றதாகிவிடுகிறது. தனியரசனாக வாழ்ந்துகொண்டே பேரரசனுக்காக வாளெடுத்த ஒருவரை அந்த ஒற்றை எண்ணில் அடக்க முடியாது.

திருவாரூர் நண்பர்: ஒட்டோமான் பேரரசு எப்போதும் பெருத்துவிடுகிறதே, கணினி ஏமாற்றுகிறதா?

ஆட்ட அமைப்பில் ‘அதிர்ஷ்ட நாடுகள்’ என்ற தேர்வு இருக்கிறது. கணினி நடத்தும் சில நாடுகளுக்கு அது கூடுதல் வலு தருகிறது. அதை நிறுத்திவிட்டு ஆடிப் பாருங்கள்.

நாகப்பட்டினம் நண்பர்: சோழரைக் கணினி நடத்தினால் கடல் கடந்த கடாரத்தை (இன்றைய மலேசியாவின் கெடா) வென்று சோழ நாட்டோடு சேர்ப்பதில்லை. இது வரலாற்றுப் பிழைதானே?

பிழையன்று. 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியை, அதாவது அவன் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டுப் பகுதியை, தஞ்சைப் பெரிய கோயில் கல்லில் படித்துப் பாருங்கள். அதில் கடாரத்தைப் பற்றிய பகுதி “அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி” என்று தொடங்கி, கடாரத்தரசனின் யானையையும் குவித்து வைத்த நிதியையும் நகர்வாயிலின் விச்சாதிரத் தோரணத்தையும் கொண்டதைச் சொல்லி, ஊர்ப்பெயர்களை அடுக்குகிறது. அவற்றில் எந்த ஊரிலும் வரி வாங்கியதாக ஒரு சொல் இல்லை. அதே கோயிலில் இராசராசன் கல்வெட்டோ, ஈழத்து ஊர்கள் கோயிலுக்கு ஆண்டுதோறும் தர வேண்டிய நெல்லையும் காசையும் கணக்குப்போட்டு எழுதி வைத்திருக்கிறது. ஆண்ட இடத்துக்கு நெல்கணக்கு இருக்கிறது. அடித்துத் திரும்பிய இடத்துக்குக் கொள்ளைப் பட்டியல் இருக்கிறது.

அதே நண்பர்: ஏற்க முடியவில்லை. எங்கள் ஊரில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டியவன் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன். சோழனுக்கு அடங்கியவன் என்பதற்கு அதுவே சான்று.

உங்கள் ஊர்ச் சான்றையே எடுத்துக்கொள்வோம். அது எதிர்த்திசையில்தான் பேசுகிறது. இராசராசன் காலத்தில் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரே விடப்பட்டது. அது துறைமுகத்தில் வணிகம் செய்ய வந்த ஒரு நட்பு அரசனுக்குக் காட்டிய மதிப்பு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இராசராசனின் மகன் இராசேந்திரன் அதே நாட்டின் மேல் கப்பல் விடுகிறான். பிறகு 1090-இல், முதற் குலோத்துங்கனிடம் கடாரத்தரசனின் தூதர்கள் வந்து விகாரத்துக்கான வரிச்சலுகையைக் கேட்டுப் பெறுகிறார்கள். நெதர்லாந்தின் லைடன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டதால் லைடன் செப்பேடு எனப்படும் சிறிய செப்பேடு அதைச் சொல்கிறது. கடாரம் சோழ மாகாணமாக இருந்திருந்தால் அங்கே தூது அனுப்பும் அரசன் எப்படி இருப்பான்?

கணினியிடம் நான் காணும் குறை வேறு. நட்பு, கொள்ளை, மீண்டும் நட்பு என்று ஒரு தலைமுறைக்கு ஒன்றாக மாறிய இந்த உறவை அதனால் உருவாக்க முடியவில்லை. போரில் வென்றால் நிலம் கேட்பதே அதன் முதல் எண்ணமாக இருக்கிறது.

வேதாரண்யம், பேராவூரணி, திருத்துறைப்பூண்டி நண்பர்கள்: கடாரத்தைக் கணினி ஏன் பிடித்து வைப்பதில்லை?

மேலே இரண்டு முறை விடை சொல்லிவிட்டேன். அருள்கூர்ந்து படித்துவிட்டுக் கேளுங்கள். நிறம் ஆட்சியன்று.

சீர்காழி நண்பர்: கணினியின் டென்மார்க் தரங்கம்பாடிக்கு வருவதே இல்லையே?

1620-இல் அவர்கள் அதைப் போரிட்டுப் பெறவில்லை. ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்து, ஆண்டுத்தொகை கட்டி இருந்தார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். வாடகைக்கு வந்து 225 ஆண்டுகள் தங்கும் நாட்டைக் கணினி அறியாது.

பட்டுக்கோட்டை நண்பர்: இதை ஆட எந்த மடிக்கணினி வாங்கலாம்?

கணினிக் கடையில் கேளுங்கள். எனக்கு அதில் தேர்ச்சி இல்லை.

பாபநாசம் நண்பர்: குருசேடர் கிங்ஸில் அரசன் இறந்ததும் கணினியின் சோழ நாடு மகன்களுக்குள் பிரிந்துவிடுகிறது. சரியா?

சோழருக்கு அது பொருந்தாது. இராசேந்திரன் தன் மகன் இராசாதிராசனுக்கு 1018-லேயே முடிசூட்டி, இறக்கும்வரை உடன் வைத்து ஆண்டான். 1054-இல் கொப்பத்தில் இராசாதிராசன் யானைமேலேயே மாண்டபோது, தோற்றோடவிருந்த படையைத் தம்பி இரண்டாம் இராசேந்திரன் திருப்பி நிறுத்தி, போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டான். நாட்டைப் பங்கு போடவில்லை.

ஆனால் இதே விளையாட்டு ஒன்றை மிகச் சரியாகச் செய்கிறது. 1070-இல் சோழ அரசன் அதிராசேந்திரன் இறந்ததும், இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவி பெற்ற வேங்கி நாட்டுச் சாளுக்கியன் சோழ அரியணையில் அமர்ந்து முதற் குலோத்துங்கன் ஆனான். மணவுறவால் வரும் உரிமையைத் தலைமுறை தாண்டிக் காத்திருந்து கணினி இப்படிக் கோருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் வியந்து ஆட்டத்தை நிறுத்தி வம்சப் பட்டியலைப் பார்த்திருக்கிறேன்.