‘மறுபடி ஊதுங்க’: தூசியில் வேலை செய்பவர்களின் கேள்விகள்

அரிசி ஆலை, விளக்குப் பட்டறை, கல் பட்டறை என்று தூசியிலும் புகையிலும் நிற்பவர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். நான் நெஞ்சக மருத்துவர். கேள்விகளில் பெரும்பாலானவை, மிஷினில் ஊத வைத்து நுரையீரல் எவ்வளவு காற்றை வெளியேற்றுகிறது என்று அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை பற்றியவை. கீழே உள்ளதில் பாதி, எங்கள் சோதனை அறையில் தொண்டை கட்டும்வரை கத்தி ஊத வைக்கும் டெக்னீஷியனிடம் கற்றது.

மூன்று தடவை ஊதியாச்சு. இன்னும் ‘மறுபடி, மறுபடி’ என்று விரட்டுகிறார்கள். மிஷின் கோளாறா?
– அரிசி ஆலைத் தொழிலாளி, மன்னார்குடி

மிஷின் நன்றாகத்தான் இருக்கும். எக்ஸ்ரேக்குச் சும்மா நின்றால் போதும். ஸ்பைரோமெட்ரிக்கு நீங்கள் உழைக்க வேண்டும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வெடித்தாற்போல் விட்டு, உள்ளே மிச்சம் இல்லாதவரை பிழிய வேண்டும். பெரும்பாலோருக்கு ஆறு விநாடியாவது பிடிக்கும். பலர் ஊதாங்குழலில் அடுப்பு ஊதுவதுபோல் ஒரு ‘ஃபூ’ விட்டு வாயை எடுத்துவிடுகிறார்கள். நாயனக்காரர்கள் சிக்கல் வேறு: தம்மைச் சேர்த்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது கைவந்த பழக்கம். இங்கே அது ஆகாது.

குறையில்லாத ஊதல் மூன்று வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிக்குள் இருக்க வேண்டும். எட்டு தடவைக்குள் அமையாவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வோம். ஒரே ஒரு ஊதலை வாங்கி ‘நார்மல்’ முத்திரை குத்தி அனுப்பிய முகாம்களையும் பார்த்திருக்கிறேன். உங்களை விரட்டுகிறவர் வேலை தெரிந்தவர். நீங்கள் செய்ய வேண்டியது, வயிறு முட்டச் சாப்பிடாமல் போவது. அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பீடியும் வேண்டாம்.

போன வருஷம் 91 சதவீதம். இந்த வருஷம் வேறு லேபில் 79. ஒரே வருஷத்தில் நுரையீரல் போய்விட்டதா?
– உமி பாய்லர் பார்ப்பவர், திருவாரூர்

இல்லை. நீங்கள் அனுப்பிய இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் தாளில் உயரம் 165 செ.மீ., இரண்டாவதில் 171. இந்த வயதில் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறீர்கள்! செருப்போடு நிறுத்தியிருப்பார்கள், அல்லது வாயால் சொன்னதை எழுதியிருப்பார்கள்.

இது சில்லறைத் தப்பு இல்லை. சதவீதம் என்பது, உங்கள் வயதும் உயரமும் உள்ள நோயில்லாத ஒருவர் எவ்வளவு ஊதுவார் என்ற கணக்கோடு உங்களை ஒப்பிடுவது. உயரத்தைக் கூட்டிப் போட்டால் எதிர்பார்ப்பு கூடும், உங்கள் சதவீதம் குறையும். அந்தக் கணக்கும் மிஷினுக்கு மிஷின் வேறு. ஐரோப்பியர்களை அளந்து போட்ட சூத்திரத்தை அப்படியே வைத்தால் நம் ஆட்கள் குறைவாகத்தான் தெரிவார்கள்.

லிட்டரைப் பாருங்கள். முதல் விநாடியில் நீங்கள் வெளியேற்றிய காற்று, எஃப்.இ.வி.1 என்று போட்டிருக்கும், போன வருஷம் 2.74, இந்த வருஷம் 2.70. நாற்பது மில்லி. முப்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஆண்டுக்கு 25, 30 மில்லி இறங்கும். ஒருவரே அடுத்தடுத்து ஊதினாலும் இதைவிட வித்தியாசம் வரும்.

இதன் மறுபக்கம்தான் எனக்குக் கவலை. 115 சதவீதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் சில வருஷத்தில் 85க்கு வந்தால் இரண்டு தாளிலும் ‘நார்மல்’ என்றே இருக்கும். ஆனால் கால்வாசி போயிருக்கும். மேட்டூரில் இன்று எத்தனை அடி என்று கேட்ட கையோடு, ஏறுதா இறங்குதா என்றும் கேட்கிறோம் அல்லவா? அதேதான். வயதுக்கான இறக்கத்தைக் கழித்த பிறகும், முதல் அளவிலிருந்து 15 சதவீதம் குறைந்திருந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். அதற்கு அந்த முதல் தாள் வேண்டும். நிலப் பத்திரம் இருக்கும் பெட்டியில் போட்டுவையுங்கள்.

தாளை ஆலை ஆபீஸிலேயே வைத்துக்கொள்கிறார்கள். கேட்கலாமா?
– கொள்ளிடம் தாண்டி சிமெண்ட் ஆலைக்குப் போகிறவர், திருவையாறு

தாராளமாக. 1984 போபால் விபத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான செய்முறை உள்ள ஆலை தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், அது தொழிலாளி பார்க்கும்படி இருக்க வேண்டும் என்றது அது. அபாயகரமான செய்முறைகளின் பட்டியலில் சிமெண்டும் உண்டு. புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதை விடவில்லை. சண்டை வேண்டாம் என்றால், ஊதி முடித்ததும் திரையை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

உலை வைத்த அன்று சாயங்காலம் குளிர் காய்ச்சல், காலையில் ஒன்றுமில்லை. திங்கட்கிழமைதான் மோசம்.
– குத்துவிளக்குப் பட்டறை, நாச்சியார்கோயில்

பித்தளையில் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். வார்ப்பின்போது எழும் வெள்ளைப் புகை அதுதான். உங்கள் காய்ச்சலுக்குக் காரணமும் அந்தப் புகைதான். தினம் சுவாசித்தால் உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்கிறது. ஞாயிறு லீவில் பழக்கம் விட்டுப்போய், திங்களன்று மறுபடி காய்ச்சல். ஓரிரு நாளில் தானே போகும். அப்புறம் ஊதிப் பார்த்தால் பெரும்பாலும் நார்மல். மலேரியா என்று மாத்திரை தின்றவர்கள் உண்டு. உலைக்கு மேல் புகைக்கூண்டு வைத்து இழுத்து வெளியே விடுங்கள். பழைய பாத்திரத்தை உருக்கினால் அதில் ஈயமும் இருக்கும். ஈயத்துக்கு ஊதும் சோதனை உதவாது, ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

அப்பா கோயில் திருப்பணியில் கருங்கல்லை மிஷினால் அறுக்கிறார். ஊதும் சோதனை நார்மல். எக்ஸ்ரே வீண் செலவா?
– கும்பகோணம்

செலவே ஆனாலும் எடுங்கள். கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோய், ஆரம்பத்தில் ஊதும் சோதனைக்கு அகப்படாமல் எக்ஸ்ரேயில் தெரியலாம். உளியால் கொத்திய காலத்தைவிட, ஈரமில்லாமல் மிஷின் ஓட்டும் இன்றைய முறையில் பறக்கும் மாவு மிக நுண்ணியது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தால் பெரும்பகுதி அடங்கும். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் சுலபமாகப் பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளிப் பரிசோதனை. அதன் முடிவு வரும்வரை ஊத வைக்க வேண்டாம்.

நாகஸ்வரம் கடைகிறேன். ராத்திரியில் இருமல், இளைப்பு. ஊர்த் திருவிழாவுக்குப் பட்டறையை மூடினால் குறைகிறது. டெஸ்டில் ஒன்றும் இல்லை.
– நரசிங்கம்பேட்டை

நோயை நீங்களே பாதி சொல்லிவிட்டீர்கள். மரத்தூளால் வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். அது வந்து வந்து போகும், டெஸ்ட் எடுத்த நேரத்தில் இல்லாமல் இருந்திருக்கும். ஊதும் வேகத்தை அளக்கும் சின்னக் கருவியான பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி, நாளுக்கு நான்கு வேளை, வேளைக்கு மூன்று ஊதலில் பெரியதை நோட்டில் எழுதுங்கள். நான்கு வாரம், லீவு நாளையும் விடாமல். கடைந்த நாள், கடையாத நாள் என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

வேலை முடிந்து வெல்லம் தின்றால் தூசி இறங்குமாமே?
– பலர்

வெல்லம் இரைப்பைக்குப் போகிறது. தூசி இருப்பது நுரையீரலில்.

போன வாரம் கண்புரை ஆபரேஷன். நாளை கம்பெனியில் ஊதச் சொல்கிறார்கள்.
– பாபநாசம்

நாளை வேண்டாம். முக்கி ஊதும்போது கண்ணில் அழுத்தம் ஏறும். ஆபரேஷன் செய்த கண் மருத்துவர் சரி என்ற பிறகு போதும். அண்மையில் மாரடைப்பு, வயிற்று அறுவை என்றாலும், சளியில் ரத்தம் வந்தாலும் இதேபோல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டெக்னீஷியன் கேட்க மறந்தாலும்.