வேற்றூர்ச் சந்தையை வீட்டிலிருந்தே பார்க்க...

கேள்வி: ஈரோட்டில் போர்வையும் பவானி ஜமக்காளமும் மொத்தமாக வாங்கி இணையச் சந்தைகளில் விற்று வருகிறேன். புனே, இந்தூர் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் சரக்கும் போட்டியாளர்களின் விலையும் எப்படித் தெரிகின்றன என்று அறிய, அந்தந்த ஊர் 'ரெசிடென்ஷியல் பிராக்ஸி'யைக் கட்டணம் கட்டி வாங்கச் சொல்கிறார் ஒரு நண்பர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், உங்கள் தேவையில் பெரும்பகுதி செலவில்லாமலே நிறைவேறிவிடும். நண்பர் சொல்வது, உங்கள் கணினியின் கோரிக்கையை வேறோர் ஊரில் உள்ள யாரோ ஒருவருடைய வீட்டு பிராட்பேண்ட் வழியாக அனுப்பி, அந்த வீட்டின் ஐபி முகவரியிலிருந்தே (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வந்ததாகத் தளத்துக்குக் காட்டும் ஏற்பாடு. ஆனால் நம் நாட்டு இணையச் சந்தைகள் எந்த விற்பனையாளரை முன்னிறுத்துவது, எத்தனை நாளில் கொண்டு சேர்ப்பது என்பதைப் பெரும்பாலும் பின்கோடை வைத்தே முடிவு செய்கின்றன. கணக்கில் நுழையாமல் ஒரு ஜமக்காளத்தின் பக்கத்தைத் திறந்து, 638001 என்று இருப்பதைப் புனேயின் 411001 ஆக மாற்றிப் பாருங்கள்: சரக்கு சேரும் நாள் மாறலாம், விற்பனையாளரின் பெயரே மாறலாம், சில சரக்குகளுக்கு அந்தப் பகுதிக்கு அனுப்ப இயலாது என்றும் வரலாம். இதை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், பத்துப் பொருள்களுக்குக் குறித்து வைத்தாலே நல்ல கணக்கு கிடைத்துவிடும். கூகுள் விளம்பரம் எப்படித் தெரிகிறது என்பதற்கு, கூகுள் ஆட்ஸ் கணக்கிலேயே ஊரைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் முன்னோட்டக் கருவி இருக்கிறது.

பின்கோடு கேட்காமல் ஐபி முகவரியை மட்டும் பார்த்து விலையையும் நாணயத்தையும் மாற்றும் வெளிநாட்டுத் தளங்களுக்குத்தான் பிராக்ஸி உண்மையில் உதவும்; ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்ய நினைத்தால் அப்போது யோசிக்கலாம். அங்கும் ஐபி முகவரி காட்டும் நாட்டை நம்பும் அளவுக்கு ஊரை நம்ப முடியாது. கோயம்புத்தூரில் இருப்பவரின் இணைப்பு சென்னை என்று பதிவாவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 'புனே' என்று விற்கப்படும் முகவரியும் அப்படி இருக்கக்கூடும். பெரும்பாலும் கட்டணம் ஜிபி கணக்கில் வருவதால், படங்கள் நிறைந்த பக்கங்கள் பணத்தை வேகமாகத் தின்றுவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். வாங்கும் முன், இணைப்பைத் தரும் அந்த வீட்டுக்காரர்கள் தெரிந்தே சம்மதித்தார்களா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்; நேரான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். எதை வாங்கினாலும் பொதுவில் திறந்திருக்கும் விலைப் பக்கங்களோடு நில்லுங்கள். வாடிக்கையாளர்களின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் திரட்டத் தொடங்கினால், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும்.

கேள்வி: அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமலே கூட இது நடக்குமா?

பதில்: நடந்திருக்கிறது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய '911 எஸ்5' என்ற வலையமைப்பில், ஏறத்தாழ 200 நாடுகளைச் சேர்ந்த 1 கோடியே 90 லட்சம் ஐபி முகவரிகள் சிக்கியிருந்தன. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன் போன்ற இலவச விபிஎன் செயலிகளை (நம் இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியே மறைத்து அனுப்புபவை) நிறுவியவர்களின் கணினிகள், அவர்கள் அறியாமலே பிறருக்கு வாடகைக்கு விடப்பட்டன. அந்த இணைப்புகளின் வழியே மோசடிகள் நடந்தபோது, தடயம் அந்த வீடுகளின் முகவரியில்தான் போய் நின்றது. கடைக் கணினியில் இலவச விபிஎன் ஏதேனும் இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள்.