விழுகிற சுவிட்சைத் திட்டாதீர்கள்

வாசகர் கேள்வி பதில். இந்த இதழில்: கட்டட வேலைக்கு எடுக்கும் தற்காலிக மின்சாரம். பதில் சொல்பவர், 31 வருடம் கட்டடங்களில் ஒயரிங் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மின் மேற்பார்வையாளர்.

கேள்வி: ஐயா, மாடி கட்டிக்கொண்டிருக்கிறோம். டெம்பரவரி சர்வீஸ் வாங்கி, மீட்டருக்குப் பக்கத்திலேயே ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து அணைக்கிற சுவிட்ச்) போட்டோம். தளம் ஊற்றி கியூரிங் (கான்கிரீட்டைத் தண்ணீர் விட்டு ஊறவைப்பது) ஆரம்பித்ததிலிருந்து ஒரு நாளைக்கு ஆறேழு தடவை விழுகிறது. "இது ஓவர் சென்சிட்டிவ்மா, வேலை கெடுது" என்று எலக்ட்ரீஷியன் அதை விட்டுவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிட்டார். எம்.சி.பி. (லோடு கூடினால் அணைக்கிற சுவிட்ச்) இருக்கிறதே, போதும் என்கிறார். சரிதானா?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: சரியில்லை அம்மா. முதலில் மெயினை அணைத்துவிட்டு, அவரைக் கூப்பிட்டுப் பழையபடி மாட்டச் சொல்லுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

1994-ல் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார்கள். நான் அங்கே ஒயர்மேன். கியூரிங்குக்குத் தண்ணீர் இறைத்த மோட்டாரை நகர்த்தப்போன பையன் அதோடு ஒட்டிக்கொண்டான். அவனிடமிருந்து சத்தமே வரவில்லை. பக்கத்தில் ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் அம்மாதான் அவன் உதறுவதைப் பார்த்துக் கத்தினார். ஓடிப்போய் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கினேன். பையன் பிழைத்துக்கொண்டான், உள்ளங்கையில் காசு அளவுக்கு வெந்திருந்தது. சாயங்காலம் அந்தக் கேரியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஃபியூஸ் கம்பி, அன்றைக்குத்தான் கட்டினது மாதிரி பளபளவென்று இருந்தது.

கணக்குப் போட்டால் அதில் ஆச்சரியமே இல்லை. ஈரக் கை, சிமென்ட் தண்ணீரில் வெறுங்கால் என்றால் உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டுக்கு அதன் வழியே போவது 230 மில்லி ஆம்பியர். 60 வாட் குண்டு பல்பு இழுப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. உங்கள் 16 ஆம்பியர் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை யாரோ ஒரு பல்பைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒயர் வெந்துபோகாமல் பார்ப்பதற்குத்தான் அதை வைத்தது. ஆனால் உயிரை எடுக்க அந்தக் கரண்ட் தாராளம். அதற்கு ரொம்ப முன்னாலேயே, 10-15 மில்லி ஆம்பியரிலேயே விரல்கள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போய்விடும். அந்தப் பையனுக்கு நடந்தது அதுதான்.

ஆர்.சி.சி.பி. பார்க்கிற வேலை வேறு. கரண்ட் வருகிற பேஸ் ஒயரில் போனது முழுசும் நியூட்ரல் ஒயரில் திரும்பி வருகிறதா என்று எந்நேரமும் எண்ணிக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 வினாடிக்குள் அறுத்துவிடும்; கசிவு பெரிதென்றால் இன்னும் வேகம். சுரீரென்று அடிக்கத்தான் செய்யும், ஆனால் ஒட்டிக்கொள்ள விடாது. (பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் பிடித்தவனை அதனாலும் காப்பாற்ற முடியாது.)

சரி, ஏன் விழுகிறது? கியூரிங் ஆரம்பித்ததிலிருந்து என்று நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். டேப் சுற்றின ஒரு ஜாயிண்ட்டோ, தரையில் கிடக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ தண்ணீரில் இருக்கிறது. 30 என்று அச்சடித்திருந்தாலும் 15-ஐத் தாண்டினாலே அது விழலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு ஒயர் ஆளுக்கு 5 மில்லி ஆம்பியர் கசியவிட்டால் மொத்தம் 20 ஆயிற்று.

கண்டுபிடிக்க, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிவிடுங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் ஆள். சுவிட்சை மட்டும் அணைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அணைத்தபிறகும் விழுந்துகொண்டே இருக்கும். முக்கால்வாசி எலக்ட்ரீஷியன்கள் "ஒண்ணுமே ஓடல, அப்பவும் விழுது, பீஸே கோளாறு" என்று தீர்ப்பு எழுதுவது இந்த இடத்தில்தான்.

புதுசு வாங்குவதானால், கடையில் இன்னும் ஈ.எல்.சி.பி. என்று பழைய பேரையே சொல்வார்கள், பரவாயில்லை. 30 எம்.ஏ. (மில்லி ஆம்பியர்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 100, 300 எல்லாம் தீப்பிடிக்காமல் இருக்க. தினம் காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் அதிலுள்ள 'டி' பட்டனை ஒரு தடவை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அதை மாற்றும்வரை மிஷின் ஓடக் கூடாது.

கேள்வி: அண்ணே, எங்க சைட்ல எர்த் கிடையாது. கலவை மிஷினுக்கு நியூட்ரல்லருந்தே ஒரு லூப் எடுத்து பாடியில குடுத்திருக்கோம். இல்லேன்னா ஒரு முறுக்குக் கம்பித் துண்டை அடிச்சு அதுல குடுக்கலாமா?
– ஒரு மேஸ்திரி, மணப்பாறை

பதில்: தம்பி, அந்த லூப்பை இன்றைக்கே கழற்று. மீட்டருக்கும் மிஷினுக்கும் நடுவில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், பேஸ் மோட்டார் காயில் வழியாக வந்து பாடியில் உட்கார்ந்துகொள்ளும். மிஷின் ஓடாது. "ஏன் நின்னுபோச்சு" என்று ஒருவன் போய்த் தொடுவான்.

ஒன்றரை அடிக் கம்பித் துண்டைக் காய்ந்த மண்ணில் அடித்தால் 60 ஓம் வருகிறது என்று வை. பேஸ் பாடியைத் தொட்டால் 4 ஆம்பியர்கூட அதில் போகாது. எம்.சி.பி. விழாது, பாடியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதே 60 ஓமுக்கு ஆர்.சி.சி.பி. உடனே விழுந்துவிடும். எர்த் சரியில்லாத சைட்டுக்குத்தான் அது கட்டாயம் வேண்டும். ஆனாலும் கம்பித் துண்டோடு நிற்காதே. 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப்பை முழுசாக இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி வை. மிஷினுக்குப் போகிற கேபிள் பச்சை எர்த் ஒயரோடு இருக்கட்டும். இரண்டு ஒயரைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சி அடிக்கிற வேலை வேண்டாம்.

கேள்வி: ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வேலை செய்தால் போதாதா?
– ஒரு வாசகர், ஒரத்தநாடு

பதில்: ஒரு கை கிரைண்டரில், மறு கை தூண் கம்பியில் என்றால் கரண்ட் கைக்குக் கை, நெஞ்சு வழியாகப் போய்விடும். செருப்புக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி: வீட்டு முன்னால் 11,000 வோல்ட் லைன் போகிறது. கம்பியை மாடிக்கு ஏற்றும்போது பட்டுவிட்டால் ஆர்.சி.சி.பி. காப்பாற்றுமா?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: காப்பாற்றாது. அது உங்கள் மீட்டருக்குப் பின்னால் உள்ளதை மட்டும் பார்க்கும். அந்த லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. அது அசையாமல் நிற்கிற சுவருக்கு. கடையிலிருந்து வரும் கம்பி 12 மீட்டர். அதை ஒருவன் தோளில் வைத்துத் திரும்பினால் முனை எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாய்ந்துவிடும். கீழேயே வெட்டி வளைத்து, பின்பக்கமாக ஏற்றுங்கள். முன்பக்கத்தை விட்டால் வழியில்லை என்றால் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர், லைன் பக்கத்துச் சாரத்தின் குறுக்கே சிவப்புப் புடவை ஒன்றைக் கட்டிவைத்து, அதைத் தாண்டிக் கம்பி போனால் அன்றைய கூலி கிடையாது என்பார். அவர் வீட்டுக்காரம்மா சைட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அன்றுதான் அது யார் புடவை என்று எங்களுக்குத் தெரிந்தது.