டிரஸ்ட் கணக்கில் ஆன்லைனில் பணம் அனுப்ப ஏன் இரண்டு பேர் வேண்டும்?

டிரஸ்ட் கணக்கு என்றால் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கு. அந்தப் பணம் அறங்காவலர்களின் சொந்தப் பணம் இல்லை, அவர்கள் காவல் மட்டும்தான். தனியார் அறக்கட்டளைகளுக்கான 1882-ஆம் ஆண்டுச் சட்டம்கூட, பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை எல்லோரும் சேர்ந்தே செயல்படச் சொல்கிறது.

காசோலையில் இரண்டு கையெழுத்து கேட்பது இதற்காகத்தான். நெட் பேங்கிங்கில் அதையே இரண்டு லாகின் செய்கிறது: ஒருவர் பெயர், கணக்கு எண், தொகை எல்லாம் போட்டு வைப்பார், அது அப்படியே காத்திருக்கும், இன்னொருவர் தன் லாகினில் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் நகரும். உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டு சாவியை இரண்டு பேரிடம் கொடுப்பது மாதிரி. ஆனால் பல இடங்களில் பொருளாளரே இரண்டு பாஸ்வேர்டையும் வைத்திருப்பார், மற்றவர் போனில் ஓடிபி சொல்லிவிடுவார். தயவுசெய்து இதை இன்றே நிறுத்துங்கள். ஒப்புதல் தருபவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும். அப்புறம், ஆடிட்டருக்குப் பார்வையிட மட்டும் லாகின் போதும், விலகிய அறங்காவலரின் லாகினைத் அறங்காவலர் கூட்டத் தீர்மான நகல் கொடுத்து உடனே நிறுத்த வங்கியிடம் சொல்லுங்கள்.

ஓடிபி வருகிறதே, அதுவே இரண்டாவது ஒப்புதல்தானே என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை: உள்ளே வந்தவர் அவர்தானா என்று மட்டுமே அது பார்க்கும், இன்னொருவர் சம்மதித்தாரா என்று பார்க்காது.