புகை டெஸ்டில் ஃபெயிலான லொறி: லைசன் இல்லை, புத்தகத்தில் பெயரும் வேறு

கேள்வி: ஐயா, நான் வாழைச்சேனை. இரண்டு வருசத்துக்கு முன் அக்கரைப்பற்றில் ஒருவரிடம் பழைய இஸுசு எல்ஃப் லொறி ஒன்றை ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் விற்றவரின் ஒப்பம் மட்டும் உள்ள கடதாசிகளோடு, வாங்கினேன். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் கிரான், புலிபாய்ந்தகல் பக்கம் நெல் ஏற்றிப் பொலன்னறுவை மில்களுக்குக் கொண்டுபோவதுதான் தொழில். இந்த முறை புகை டெஸ்டில் ஃபெயில் ஆக்கிவிட்டார்கள். புகைச் சான்றிதழ் இல்லாமல் வருசாந்த லைசன் தர முடியாது என்று பிரதேச செயலகத்தில் சொல்கிறார்கள். பழையது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இதற்குள், வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் நம்பரும் லொறியில் இருக்கும் நம்பரும் வேறு என்று கராஜில் கண்டுபிடித்தார்கள். புத்தகத்தில் இன்னும் விற்றவரின் பெயர்தான், கூடவே ஒரு லீசிங் கம்பனியின் பெயரும் இருக்கிறது. விற்றவர் கட்டாருக்குப் போய்விட்டார். லொறியைக் கொண்டுபோகாமலே புகைச் சான்றிதழ் எடுத்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். கொடுக்கலாமா? என் லொறியின் பதிவை ரத்துச் செய்துவிடுவார்களா? விற்றவர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: தம்பி, நீங்கள் புகையைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். உங்கள் கடிதத்தை வாசித்து முடித்தபோது எனக்குப் புகை பெரிய விசயமாகவே படவில்லை, அது கராஜில் தீரும். என்னை யோசிக்க வைத்தது அந்த லீசிங் கம்பனியின் பெயர்தான், நீங்களோ அதை ஏதோ சின்ன விசயம் போல ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வாகனப் பதிவு வேறு, வருசா வருசம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் வேறு. பதிவு கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேலை, நீங்கள் லைசன் என்று சொல்வதோ மாகாணத்துக்குரிய விசயம், அதனால்தான் பிரதேச செயலகத்தில் எடுக்கிறோம். டெஸ்டில் ஃபெயில் ஆனதற்காக யாரும் உங்கள் லொறியின் பதிவை ரத்துச் செய்யப் போவதில்லை. தடைப்படுவது அந்த வருசத்து லைசன் மட்டும்தான், ஆனால் அது இல்லாமல் லொறியை வீதியில் ஓட்ட முடியாது என்பதால் உங்களுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

பிரதேச செயலகத்தில் இருக்கும் பிள்ளையோடு சண்டை பிடிக்காதீர்கள், அவர் சொல்வது சட்டப்படி சரி. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2003இல் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகள்தான் வாகனப் புகைக்கு அளவு வைத்தன. 2008இல் மேல் மாகாணத்தில் டெஸ்ட் தொடங்கி, பிறகு நம்முடைய பக்கமும் வந்தது. காப்புறுதி, புகைச் சான்றிதழ், லொறி என்பதால் தகுதிச் சான்றிதழ், இவை சரியாக இருந்தால்தான் அவரால் லைசன் அடிக்க முடியும். டெஸ்ட் முடிவு கணினியிலேயே பதிவாகிவிடுவதால் அவர் மனம் வைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதனால்தான் புரோக்கர் விசயத்துக்கு என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். காசு போவது ஒரு பக்கம். லொறியைக் காட்டாமல் எடுத்த சான்றிதழைப் பிரதேச செயலகத்தில் நீட்டும்போது, அது பொய்ப் பத்திரம் என்று தெரிந்தே நீட்டுகிறவர் நீங்கள்தானே. தண்டனைச் சட்டக்கோவையின் 459ஆம் பிரிவு போலிப் பத்திரத்தை உண்மையானது போலப் பயன்படுத்துவதைப் பற்றியது, அதில் மாட்டினால் புரோக்கரின் போன் முதலில் ஓஃப் ஆகும், நீதவான் நீதிமன்றத்துக்குத் தவணைக்கு ஏறி இறங்குவது நீங்களாக இருக்கும். அந்தக் காசை எஞ்சினுக்கு டீசல் தெளிக்கும் நொசிலுக்குச் செலவழியுங்கள்.

சரி, புகைக்கு வருவோம். டீசல் வண்டிக்கு என்ன டெஸ்ட் என்று பார்த்திருப்பீர்கள்: சைலன்சர் வாயில் ஒரு குழாயைச் செருகிவிட்டு, ஐட்லில் நிற்கும் எஞ்சினை எக்ஸலேட்டரை முழுதாக மிதித்து ஏற்றி இறக்குவார்கள், இப்படிச் சில தடவை. வெளியே வரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று மெஷின் அளக்கும். ஃபெயில் என்று கொடுத்த தாளில் உங்கள் லொறியின் அளவும் அனுமதித்த அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள், அதை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வித்தியாசம் கொஞ்சம் என்றால் எயார் ஃபில்டர் மாற்றி நொசிலைச் சுத்தம் செய்தாலே இறங்கிவிடக்கூடும், கூட என்றால் டீசல் பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டி வரும். நெல் லொறிகளில் எனக்குத் தெரிந்து வழக்கமான கதை, பாரம் இழுக்கட்டும் என்று யாரோ பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருப்பார்கள். கறுப்புப் புகை என்றால் எண்ணெய் கூட, காற்றுக் குறைவு, அவ்வளவுதான். சிலர் டெஸ்டுக்காகக் குறைத்துவிட்டு அடுத்த நாளே திரும்பக் கூட்டுகிறார்கள். வீதியில் புகையைப் பரிசோதிக்கிறவர்கள் கையில் மாட்டினாலோ, யாரும் நம்பரைக் குறித்து முறைப்பாடு செய்தாலோ, கடிதம் புத்தகத்தில் பெயர் உள்ளவரின் முகவரிக்குத்தான் போகும், உங்கள் விசயத்தில் அது அக்கரைப்பற்றில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு. நீங்கள் அறியாமலே தவணை தவறி, நம்பரில் தடை விழுந்த பிறகுதான் கதை தெரிய வரும்.

திருத்திய பிறகு மறு டெஸ்டுக்கு எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக் கொண்டுபோங்கள். லைசன் முடிந்த லொறியை டெஸ்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே பொலிஸ் மறிக்கலாம் என்பதும் உண்மைதான். வெறும் லொறியாக, நேரே போய் நேரே வாருங்கள், கையில் பழைய லைசன், காப்புறுதி, ஃபெயில் ஆன தாள், கராஜ் பில் எல்லாம் இருக்கட்டும். இது உங்களுக்கு உரிமை தராது, மறித்த பொலிஸ்காரருக்கோ பிறகு நீதவானுக்கோ சொல்வதற்கு ஒரு நியாயம் தரும். நெல் ஏற்றிக்கொண்டு "டெஸ்டுக்குப் போறன் சேர்" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். காப்புறுதி மட்டும் ஒரு நாளும் விடுபடக் கூடாது, அது இல்லாமல் ஓட்டினால் குறைந்த தண்டமே 25,000 ரூபாய்.

திருத்தம் இழுபடும் போல இருந்தால், அல்லது இந்தப் போகத்துக்கு லொறியை நிறுத்தி வைப்பது என்று முடிவெடுத்தால், பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவிக்க ஒரு வழி இருக்கிறது, அதற்குரிய படிவத்தை அங்கேயே கேளுங்கள். அறிவிக்காமல் வளவுக்குள் நிறுத்திவிட்டு, பிறகு எடுக்கும்போது பிந்திய காலத்துக்கும் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்கள் என்று குறைப்பட்டு எத்தனையோ பேர் வருகிறார்கள்.

இனி நான் பயப்படும் விசயம். புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறது என்றால், சட்டத்தின் கண்ணில் அந்த லொறி உங்களுடையதும் அல்ல, விற்றவருடையதும் அல்ல, கம்பனியுடையது. விற்றவர் "எல்லாம் கட்டி முடித்தாச்சு, பெயர் வெட்டத்தான் பாக்கி" என்று சொல்லியிருப்பார், எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். கட்டி முடித்திருந்தால் கம்பனி தன் பெயரை நீக்கக் கடிதம் கொடுக்கும். அந்தக் கடிதம் உங்களிடம் இருக்கிறதா? இல்லை என்றால், இந்தக் கிழமையே கம்பனியின் மட்டக்களப்புக் கிளைக்குப் போய் வாகன நம்பரைக் கொடுத்துப் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். வாடிக்கையாளர் நீங்கள் இல்லை என்பதால் விபரம் தர மறுக்கலாம், அப்படியானால் விற்றவரிடமிருந்து வட்ஸ்அப்பிலாவது ஒரு சம்மதக் கடிதத்தின் படம் எடுத்துக் காட்டிப் பாருங்கள், அல்லது என்னைப் போல ஒரு வழக்கறிஞரைக் கொண்டு கடிதம் போடுங்கள். பாக்கி இருந்தால் ஓப்பன் பேப்பரைக் காட்டிக் கம்பனியைத் தடுக்க முடியாது, பொலன்னறுவை றோட்டில் வைத்தே லொறியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், மேலே இருக்கும் நெல் யாருடையது என்ற சண்டை மறுகா தனியாக வரும். பாக்கித் தொகை லொறியின் பெறுமதியோடு பார்க்கச் சிறியது என்றால் நீங்களே கட்டி, கடிதத்தை எடுத்து, கட்டிய காசை விற்றவரிடம் கேட்பதுதான் புத்தி. கூட என்றால் ஒரு சதமும் கட்ட முன் வழக்கறிஞர் ஒருவரிடம் புத்தகத்தைக் காட்டுங்கள். இது தெரியாமல் புகைக்காகப் பம்பிலும் நொசிலிலும் பெரிய காசு இறைக்க வேண்டாம் என்றுதான் சொல்ல வருகிறேன்.

பெயர் மாற்றம் 14 நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டிய விசயம், நீங்கள் இரண்டு வருசம் விட்டிருக்கிறீர்கள். தாமதக் கட்டணம் வரும், ஆனால் கதவு மூடப்படவில்லை. திணைக்களத்தின் படிவங்களில் எம்.டி.ஏ. 8 விற்றவர் ஒப்பமிட வேண்டியது, எம்.டி.ஏ. 6 நீங்கள் கொடுக்கும் விண்ணப்பம். ஓப்பன் பேப்பர் என்று உங்களிடம் கொடுத்த கட்டை விரித்துப் பாருங்கள், ஒப்பம் மட்டும் போட்டு மற்றதெல்லாம் வெறுமையாகத்தான் இருக்கும். அதை உங்கள் இஷ்டத்துக்குத் திகதி போட்டு நிரப்பாதீர்கள். விற்றவர் கட்டாரில் இருக்கிறார், செத்துப் போகவில்லை, அது பெரிய அதிர்ஷ்டம். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் ஒப்பத்தை அத்தாட்சிப்படுத்தி, ஊரில் இருக்கும் தன் மனைவிக்கோ தம்பிக்கோ தனக்காக ஒப்பமிட அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவம் அனுப்பினால், அவர் இங்கே எல்லாக் கடதாசியிலும் ஒப்பமிடலாம். அக்கரைப்பற்றில் அவருடைய வீட்டுக்கு நேரே போய், குரலை உயர்த்தாமல், ஒரு விசயத்தை மட்டும் விளங்கப்படுத்துங்கள்: அந்த லொறி யாரையும் அடித்துவிட்டால் பொலிஸ் முதலில் தேடி வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரின் வீட்டுக்குத்தான். இதைக் கேட்டதும் மனம் மாறாத குடும்பத்தை நான் அதிகம் கண்டதில்லை.

எஞ்சின் நம்பர் விசயத்தில் ஒளிக்காமல் நடந்துகொள்ளுங்கள். பழைய லொறிக்கு எஞ்சின் மாற்றுவது குற்றம் இல்லை, பாதி எல்ஃப் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் வாங்கிய எஞ்சினோடுதான் ஓடுகிறது. மாற்றியதைத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தில் திருத்தாமல் விட்டதுதான் பிழை. அதற்கு எஞ்சின் வாங்கிய பில் முக்கியம், பிறகு மோட்டார் வாகனப் பரிசோதகர் லொறியைப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகங்கள் இருக்கின்றன, முதலில் அங்கே போய் எந்தெந்தக் கடதாசி தேவை என்று கேட்டுக்கொண்டு பிறகு நாரஹேன்பிட்டிக்கு பஸ் ஏறுங்கள். பில் விற்றவரிடம் இருக்கலாம், மாற்றிய கராஜில் இருக்கலாம். எங்கும் இல்லை என்றால் எப்போது, யார் மாற்றினார் என்று விற்றவரின் சத்தியக்கடதாசி வேண்டும். நம்பரைத் தேய்த்தோ திரும்ப அடித்தோ புத்தகத்துக்குப் பொருத்தித் தருகிறேன் என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் லொறியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். களவு எஞ்சினாக இருந்தால் இன்றைக்கு நீங்கள் ஏமாந்தவர், நம்பரைத் தொட்ட பிறகு கூட்டாளி.

வழக்குப் போடலாமா என்றால், புகைக்காகப் போட்டால் தோற்பீர்கள். இரண்டு வருசம் ஓட்டிய பிறகு நொசில் தேய்ந்ததற்கு விற்றவர் பொறுப்பு என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார். 1896ஆம் ஆண்டின் பண்ட விற்பனைக் கட்டளைச் சட்டமும் வாகன வியாபாரி அல்லாத ஒருவர் தன் பழைய லொறியை விற்கும்போது தரத்துக்குப் பெரிய உத்தரவாதம் எதையும் அவர் தலையில் ஏற்றுவதில்லை. லீசிங் பாக்கியும் எஞ்சின் நம்பரும் அப்படியல்ல, இரண்டும் விற்ற அன்றைக்கே இருந்த குறை. பாக்கி இருப்பது தெரிந்தே இல்லை என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தால் அது குடியியல் வழக்கோடு நிற்காது, தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவின்படி ஏமாற்றுக் குற்றமாகவும் பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட மூன்று வருசம்தான் காலம், எழுத்தில் இருந்தால் ஆறு. உங்களுக்கு இரண்டு வருசம் போய்விட்டது. முத்திரை ஒட்டிக் காசு வாங்கியதாக எழுதிய துண்டு ஒன்று இருந்தாலும் அது எழுத்து ஒப்பந்தமாக நிற்குமா என்பது அதிலுள்ள வசனங்களைப் பொறுத்தது, அதனால் மூன்று என்றே எண்ணிக்கொண்டு இப்போதே ஒரு கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கேட்கும் தொகையைப் பொறுத்து முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டி வரலாம், போனால் கெட்டுப் போவதில்லை, இரண்டு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முடியும் கதை நீதிமன்றத்தில் வருசக்கணக்கில் இழுபடும்.

எல்லாம் சரியாகி, டெஸ்டும் பாஸாகி, அதற்குப் பிறகும் நம்பரில் ஏதோ தடை இருக்கிறது என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால், வாயால் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்: இந்த இலக்க வாகனத்துக்கு என்ன தடை, யார் போட்டது, எந்தத் திகதியில், எந்தக் கடிதத்தின்படி. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் கையில் இருந்தால் மேல்முறையீடோ, அதிகாரிகளுக்கு உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் எழுத்தாணை மனுவோ, அடுத்தது என்ன என்று பேசலாம். அது இல்லாமல் வருகிறவர்களிடம் நானும் ஊகத்தில்தான் பேச வேண்டியிருக்கும்.

மட்டக்களப்பில் யாரிடம் போனாலும் புத்தகம், ஓப்பன் பேப்பர் கட்டு, ஃபெயில் ஆன தாள், காசு கொடுத்ததற்கான துண்டு அல்லது வங்கி ரசீது, விற்றவரோடு பேசிய வட்ஸ்அப் பதிவுகள், இவ்வளவையும் கொண்டுபோங்கள். போனை மாற்றும் யோசனை இருந்தால் அந்தப் பேச்சுகளை முதலில் பிரதி எடுத்து வையுங்கள்.