யார் தூக்கி வந்தது?

அன்புள்ள அக்கா,

நான் பெகுவில் இருக்கிறேன், வயது 22. ராம்போ படத்தின் நாலாம் பாகத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். நம் நாட்டில் நடக்கிற கதை என்பதால் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அதைப் பற்றித் தமிழில் எழுத ஆசை. கதையும் பின்னணியும் எவ்வளவு நிஜம்? வில்லனாக நடித்தவர் உண்மையிலேயே பர்மாக்காரரா? படத்தில் 236 பேர் சாகிறார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், இவ்வளவு ரத்தம் தேவையா? கரேன்காரர்கள் வருகிறார்கள், வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள், நம் தமிழ் ஆட்கள் ஒருவர்கூட இல்லையே, ஏன்? விமர்சனத்தில் முடிவைச் சொல்லலாமா? தாத்தாவையும் உட்கார வைத்துத்தான் பார்த்தேன், அவர் பாதியில் எழுந்து போய்விட்டார். அவருக்குச் சண்டைப் படம் பிடிக்காது.

அன்புடன்,
ஒரு வாசகன், பெகு

தம்பி,

முதலில் திட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தமிழைப் பர்மிய எழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். மேலே இருப்பது நான் உட்கார்ந்து மாற்றியது, முக்கால் மணி நேரம் போயிற்று. ழ, ள, ல மூன்றுக்கும் ஒரே எழுத்தைப் போட்டிருக்கிறீர்கள். ‘பாளம்’ வெடிக்கிறதா ‘பாலம்’ வெடிக்கிறதா என்று நான் படத்தைத் திரும்பப் பார்த்தா தெரிந்துகொள்வது? இருந்தாலும் தமிழில்தான் எழுதுவேன் என்று ஒரு பிடிவாதம் இருக்கிறதே, அதற்காக மாற்றினேன். கோயில் வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் படித்ததை வைத்துக்கொண்டு இவ்வளவு எழுதுகிறவர்கள் இங்கே எத்தனை பேர்.

சரி, கதை. படம் 2008 ஜனவரியில் வந்தது. மூன்றாம் பாகம் 1988, நடுவில் இருபது வருட இடைவெளி. ராம்போ தாய்லாந்தில் பாம்பு பிடித்துக்கொண்டு, படகு ஓட்டிக்கொண்டு, யாரோடும் ஒட்டாமல் கிடக்கிறான். அமெரிக்காவிலிருந்து ஒரு சர்ச் கூட்டம் வந்து, பர்மா எல்லை மலையில் இருக்கும் கரேன் இனத்தாரின் கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோக வேண்டும், சால்வீன் ஆற்றில் ஏற்றிக்கொண்டு போ என்கிறது. முதலில் முடியாது என்கிறான், அப்புறம் கூட்டத்தில் இருக்கும் சாரா என்ற பெண் பேசியதும் போகிறான். இறக்கிவிட்டுத் திரும்பிய பிறகு அவர்கள் பர்மாச் சிப்பாய்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள். பாதிரியார் கூலிப்படை ஐந்து பேரைப் பிடித்து வருகிறார், ராம்போ அவர்களையும் படகில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சும்மா இருக்க முடியாமல் தானும் கூடப் போகிறான். மீதியை நீங்கள்தான் இரண்டு தடவை பார்த்திருக்கிறீர்களே. கடைசியில் கரேன் போராளிகளும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். முடிவைச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அவன் அரிசோனாவில் அப்பாவின் பண்ணைக்கு நடந்து போகிறான், வாசலில் தபால் பெட்டி இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டதால் யாருக்கும் தலை போகாது.

பின்னணியும் கேட்டீர்கள். யாரும் கவனிக்காத சண்டை உலகத்தில் எது என்று விசாரித்துத்தான் பர்மாவைத் தேர்ந்தெடுத்ததாக ராம்போவாக நடித்த ஸ்டாலோன் சொல்லியிருக்கிறார். பர்மா அரசாங்கத்தை எதிர்த்துக் கரேன்காரர்கள் போடும் சண்டை 1949 ஜனவரியில் தொடங்கியது, படம் வரும்போது அதற்கு வயது 59. எடுத்தது தாய்லாந்துப் பக்கம், சியாங் மாய் வட்டாரத்தில். வில்லன் மேஜராக நடித்தவர் மௌங் மௌங் கின், ஒரு காலத்தில் கரேன் பக்கம் நின்று சண்டை போட்டவர் என்கிறார்கள். யாரை எதிர்த்தாரோ அவர்கள் உடுப்பையே போட்டுக்கொண்டு நடித்திருக்கிறார். படம் வந்தபோது இங்கே அதற்குத் தடை போட்டார்கள். ரத்தம் அதிகமா குறைவா என்ற கேள்வியை நான் தொடப் போவதில்லை, அது ஊருக்கு ஊர் மாறும். 236 பேரை எண்ணியது உண்மைதான், ஒரு பேராசிரியர் பொறுமையாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்.

நம் ஆட்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். ராம்போ கடைசியில் ஒரு வண்டிமேல் ஏறி, பெரிய இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு சுட்டுத் தள்ளுகிறானே, அந்தத் தோட்டாவை அங்கே யார் தூக்கி வந்தது?

சிரிக்காதீர்கள். நான் பருப்புக் கடைக்காரர் மகள், எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் பழக்கம். அந்தத் துப்பாக்கி மட்டும் 38 கிலோ, நம் கணக்கில் 23 வீசை. முக்காலி தனியாக ஒரு 12 வீசை. நூறு தோட்டா கோத்த ஒரு பெட்டி 16 கிலோ, அதாவது பத்து வீசைக்குக் கொஞ்சம் குறைவு. நிமிஷத்துக்கு ஐந்நூறு சுடுகிற துப்பாக்கிக்கு அந்தப் பெட்டி பன்னிரண்டு நொடிதான் வரும். வண்டியில் வந்திருக்கும் என்பீர்கள். வண்டி போகிற இடம் வரைக்கும் வண்டி. கரேன் மலையில் ரோடு பாதியில் முடிந்துவிடும், அதற்கப்புறம் முதுகுதான். ஒருவன் காடு மலை ஏறி இறங்கி நாலு நாள் சுமந்து வருவது, இன்னொருவன் விசையை அழுத்தினால் பன்னிரண்டு நொடியில் காலி. இந்தக் கணக்கு எந்தச் சண்டைப் படத்திலும் வராது.

இதே படத்தில் இன்னொன்று. காட்டுக்குள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து வெடிக்காத பிரிட்டிஷ் குண்டு ஒன்று கிடக்கும், ராம்போ அதை வெடிக்க வைத்துத் துரத்தி வருகிறவர்களைத் தீர்த்துக்கட்டுவான். டால்பாய் என்ற அந்த வகைக் குண்டு 5,400 கிலோ. ஐரோப்பாவில் மட்டும்தான் போட்டார்கள். பர்மாக் காட்டுக்கு அது எப்படி வந்தது? 3,300 வீசை, தம்பி! அதை வந்து இறக்க எத்தனை பேர் வேண்டும் என்று கதை எழுதியவர் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பாரா?

இந்தக் கேள்வி என்னுடையது இல்லை, என் சித்தப்பாவுடையது.

நான் மோல்மீனில் பிறந்தவள். அப்போது பாலம் கிடையாது, ரங்கூன் ரயில் மார்த்தபானோடு நின்றுவிடும், அங்கிருந்து ஃபெர்ரி. படத்தில் வருகிற அதே சால்வீன்தான் எங்கள் ஊரில் கடலோடு சேர்கிறது. 1992 பங்குனி, எனக்குப் பதிமூன்று வயது. எங்கள் தெருக்கோடியில் மூங்கில் தட்டி அடித்த ஒரு வீடியோ வீடு இருந்தது. ஜெனரேட்டர், ஒரு டிவி, தரையில் பாய். அன்றைக்கு ராம்போ இரண்டாம் பாகம், 1985 படம், கேசட் தேய்ந்து மேலேயும் கீழேயும் கோடு கோடாக ஓடும். நாங்கள் எல்லாரும் அதை ஐந்தாறு தடவை பார்த்தவர்கள். அப்பா கடையில் மூட்டை தூக்குகிற என் சித்தப்பா கூட வந்திருந்தார், இருபத்தாறு வயது. கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம், ஒவ்வொன்றாகப் பல்லால் உடைத்து எனக்கும் தந்துகொண்டிருந்தார்.

ஹெலிகாப்டர் வரும் இடம். வெளியே லாரி வந்து நின்ற சத்தத்தையும் படத்துச் சத்தம் என்றுதான் நினைத்தோம். யாருடைய லாரி என்று எழுதப் போவதில்லை. கதவில் ஒருவன் வந்து நின்று, பெண்களும் பிள்ளைகளும் வெளியே போகலாம், மற்றவர்கள் உட்காருங்கள் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். சித்தப்பா என் கையை விரித்து, மீதி விதையை அதில் கொட்டினார். விதை சூடாக இருந்தது, அவர் கை வியர்த்திருந்தது. நான் தெருவுக்கு வந்த பிறகும் உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. கேசட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

போர்ட்டருக்குப் பிடிப்பது என்பார்கள், சண்டைக்குச் சுமை தூக்க ஆளைப் பிடித்துக்கொண்டு போவது. உங்கள் வயதுக்கு அந்த வார்த்தையே தெரியாமல் இருக்கலாம். சினிமா, டீக்கடை, ரயில் நிலையம், ஆம்பளை கூடுகிற இடம் எதுவானாலும் சரி. ஆளை அனுப்பாமல் இருக்க மாதாமாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று போர்ட்டர் காசும் கட்டினோம், கட்டியும் பிடித்தார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டியது வெள்ளைக்காரன் போட்ட சட்டம், 1907 டவுன்ஸ் ஆக்ட், 1908 வில்லேஜ் ஆக்ட். கட்டாய வேலை கூடாது என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் பர்மா 1955லேயே கையெழுத்துப் போட்டிருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் விசாரணைக் குழு 1998ல் அறிக்கை கொடுத்தது. படம் எவ்வளவு நிஜம் என்று கேட்டீர்களே, அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள், ராம்போ வராமலேயே ராத்திரித் தூக்கம் போகும்.

ஐம்பத்தோராம் நாள் சித்தப்பா வந்தார். பா-அன்னிலிருந்து ஆற்றுப் படகில் ஏறி, கைலிக்குப் பதிலாக ஒரு சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு. அம்மா அழுதாள். அப்பா அழவில்லை, ஒரு வேலை செய்தார்: தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. 36 வீசை இருந்த ஆள் 27 வீசை. அவர் மேல் ஏற்றிவிட்ட சுமை 18 வீசை, மோர்ட்டார் குண்டும் அரிசியும். இரண்டு தோளிலும் கூடைக்கயிறு அறுத்த இடம் கடைசிவரை சதை வைக்காமல் பளபளவென்று இருந்தது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. கடையில் திரும்ப மூட்டை தூக்கினார், வேறென்ன செய்வது.

2008ல் நாலாம் பாகம் திருட்டு டிஸ்க்கில் கிடைத்தது. உறைமேல் முருகன் படம், கடைக்காரன் கெட்டிக்காரன். நான் ரங்கூனிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். அவருக்குப் போட்டுக் காட்டலாமா என்று எனக்குப் பயம்தான். அவரே வந்து உட்கார்ந்தார். வயலில் கண்ணிவெடியைப் போட்டுவிட்டு ஆட்களை ஓட விடுகிற இடத்தில் அம்மா முகத்தை மூடிக்கொண்டாள், சித்தப்பா பேசாமல் பார்த்தார். கழுத்து பறந்தது, கை பறந்தது, அசையவில்லை. கடைசியில் ராம்போ அந்தத் துப்பாக்கியைப் பிடித்துச் சுடத் தொடங்கியதும்தான் வாயைத் திறந்தார். “ஏம்மா, இந்தப் பெட்டியெல்லாம் யாரு தூக்கிட்டு வந்தா?”

படம்தானே சித்தப்பா என்றேன். எவ்வளவு அசட்டுப் பதில். அவர் திரையைப் பார்த்தபடியே, “ஒவ்வொண்ணும் பத்து வீசை இருக்கும்” என்றார்.

நம் ஆட்கள் எங்கே என்று கேட்டீர்கள். மோல்மீனுக்குத் தெற்கே தன்பியுசயாட் போயிருக்கிறீர்களா? இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயிலின் பர்மா முனை அது, 415 கிலோமீட்டர் பாதை, 1942லும் 43லும் போட்டது. அங்கே இருக்கிற போர்க் கல்லறைத் தோட்டத்தில் 3,700க்கு மேல் கல்லறை, புல் வெட்டி அழகாக வைத்திருப்பார்கள். எல்லாம் போர்க் கைதிகள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த தமிழ்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், அவர்களுக்குப் பெயர் போட்ட ஒரு கல் அங்கே கிடையாது. ரயிலைப் பற்றி 1957ல் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ என்று ஒரு பெரிய படம் வந்தது, இலங்கைக் காட்டில் எடுத்தது. அதில் தண்டவாளம் போடுகிறவர்களில் ஒரு தமிழன் கிடையாது. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், அதிலாவது கமாண்டோக்களின் மூட்டையைத் தூக்கச் சயாம் பெண்கள் நாலு பேரைக் காட்டினார்கள். நாலாம் பாகத்தில் அதுகூட இல்லை.

இப்போது உங்கள் தாத்தா. இவ்வளவு பெரிய கடிதத்தில் விஷயம் உள்ளது அந்த ஒரு வரிதான், அதைக் கடைசியில் கொண்டுபோய்ச் சொருகியிருக்கிறீர்கள். 236 பேரை எண்ணத் தெரிகிறது, பக்கத்துப் பாயில் இருந்தவர் எந்தக் காட்சியில் எழுந்தார் என்று பார்க்கவில்லை. அவருக்குச் சண்டைப் படம் பிடிக்காது என்று யார் சொன்னது? அவர் சொன்னாரா, நீங்களே முடிவு செய்துகொண்டீர்களா? பெகுவிலும் லாரி நின்றிருக்கிறது, தம்பி. எனக்கு உங்கள் தாத்தாவைத் தெரியாது, ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், மூத்திரம் போகக்கூட எழுந்திருப்பார். ஆனால் கேளுங்கள். ஏன் எழுந்து போனீர்கள் என்று நேராகக் கேட்டால் பேச மாட்டார், எங்கள் வீட்டிலும் பேசியதில்லை. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். போனைப் பையில் வையுங்கள். அந்தக் காலத்தில் படம் எங்கே பார்ப்பீர்கள் என்று ஆரம்பியுங்கள், படத்திலிருந்து லாரிக்கு அவரே வருவார், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

விமர்சனம் எழுதினால் எனக்கு அனுப்புங்கள். தமிழ் எழுத்தில். கரேன் என்பதற்கு மூன்று சுழி ண் இல்லை, இரண்டு சுழி ன்.

அக்கா